அந்தக் களவாவைச் சுவரில் மாட்டாதீர்கள்: தூண்டில் போட்டிக் குழுவுக்கும் விடுதி உரிமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

எங்கள் கடற்கரையில் தூண்டில் போட்டி நடத்தும் குழுவினருக்கும், அதற்கு இடமும் பணமும் தரும் விடுதி உரிமையாளர்களுக்கும்,

போன வாரம் உங்கள் நோட்டீஸை எங்கள் ஊர் ஏலக்கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பிடிபடும் மீன்களில் மிகப் பெரியதைப் பாடம் செய்து, அதாவது தோலைப் பதப்படுத்தி உயிருள்ளது போல ஆக்கி, பிடித்தவர் பெயரைப் பொறித்து, விடுதி வரவேற்பறையில் நிரந்தரமாக வைக்கப்போவதாக அதில் இருக்கிறது. 20 கிலோவுக்குக் குறைந்த மீன் பரிசுக்குச் சேராது, தராசில் தொங்கவிடாத மீன் கணக்கில் வராது என்றும் இருக்கிறது. அதாவது உயிரோடு திரும்ப விட்ட மீனுக்கு ஒரு மதிப்பும் இல்லை. போன முறை நடந்ததை நேரில் பார்த்தவன் என்பதால் இந்த முறை வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை, அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே உள்ள ஒரு கடற்கரை ஊர்க்காரன். அப்பா கட்டுமரத்தில் தொடங்கி ஃபைபர் வள்ளத்தில் முடித்தவர், 40 வருடம் தூண்டில்காரர். எனக்குக் கடல் ஒத்துவரவில்லை, வாந்தி நிற்காது, அதனால் படகு கட்டும் பட்டறைக்குப் போனேன். 22 வருடமாக ஃபைபர் வேலை. ரெசினும் கண்ணாடியிழை மேட்டும் ஹார்டனரும்தான் என் பிழைப்பு. அச்சு எடுப்பது, வார்ப்பது, உடைந்ததை ஒட்டுவது, இவற்றைப் பற்றி நான் சொல்வதை நீங்கள் நம்பலாம்.

போன போட்டியில் முதல் பரிசு வாங்கிய களவா மீன் கரைக்கு வந்தபோது நானும் அங்கேதான் நின்றேன். 34 கிலோ. செவுளில் கயிறு கோர்த்துக் கம்பத்தில் தூக்கினார்கள். அது ஆழத்திலிருந்து வந்த மீன், வயிறு வாய் வழியாக வெளியே தள்ளியிருந்தது, கண் இரண்டும் பிதுங்கி இருந்தது. போட்டோவுக்கு அசிங்கமாக இருக்கிறது என்று யாரோ அதைக் கையால் உள்ளே தள்ளினார்கள். அப்பா என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு மெதுவாகச் சொன்னார், "இது நம்ம பாருல கெடந்த கெழவன்லா மக்கா."

எங்கள் ஊருக்கு நேர் தெற்கே கடலுக்கடியில் ஒரு பாறைத்திட்டு உண்டு, பாரு என்போம். ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் கரையில் தெரியும் மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்து, அப்புறம் இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளத்தைக் கோட்டில் வைத்து, இரண்டு கோடும் சேரும் இடத்தில் கல்லை இறக்குவார்கள். அப்பா அதைத் தன் அப்பாவிடம் கற்றார். அந்தப் பாருவில் ஒரு பெரிய களவா பொந்தில் கிடப்பதாகவும், இரண்டு முறை தன் தங்கூஸை, அதாவது தூண்டில் நரம்பை, அறுத்துக்கொண்டு போனதாகவும் நான் சின்னப் பையனாக இருந்தபோதே சொல்லியிருக்கிறார். கம்பத்தில் தொங்கியது அதே மீன்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் களவா ஊர் ஊராய்ச் சுற்றுகிற மீன் இல்லை. ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டால் வருடக்கணக்கில் அங்கேயே கிடக்கும், மெதுவாக வளரும். அதற்கப்புறம் ஒரு வருடமாக அந்தப் பாருவில் அந்த அளவு மீன் ஒன்றையும் பார்க்கவில்லை என்று இன்றும் அங்கே தூண்டில் போடும் என் சித்தப்பா மகன் சொல்கிறான்.

சரி, மீன் செத்தது. அதன் பிறகு என்ன ஆயிற்று என்பது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும்.

எட்டு மாதம் கழித்து விடுதியிலிருந்து போன். "அண்ணாச்சி, நீங்க ஃபைபர் வேலை பாப்பீங்களாமே, மீனுக்குச் செட்டை உடைஞ்சிருக்கு, வந்து ஒட்டித் தரணும்." போனேன். முதுகுச் செட்டை, அதாவது துடுப்பு, காய்ந்து அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்தது. வாலின் அடியில் வெடிப்பு. வயிற்றுப் பக்கம் பெயின்டைத் தாண்டி மஞ்சளாக எண்ணெய் கசிந்து சுவரில் கோடு இறங்கியிருந்தது. கீழே மேசையில் மெல்லிய தூள், ஊதிப் பார்த்தால் பூச்சி தின்ற தோல். வாடை தெரியாமல் இருக்கப் பக்கத்தில் ஊதுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். நான் விரலால் தட்டிப் பார்த்தேன், உள்ளே ஃபோம். கண் கண்ணாடிக் கண். வாய்க்குள் மாவு மாதிரி ஏதோ வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தது. அந்தச் சுவரில் மீன் என்று சொல்ல மிஞ்சி இருந்தது காகித கனத்தில் ஒரு தோல் மட்டும்தான், அதையும் பூச்சி பாதி தின்றிருந்தது. முடிந்த அளவு ஒட்டிக் கொடுத்தேன். ஐப்பசி மழையில் பூஞ்சை பிடித்துவிட்டது. கார்த்திகையில் வேறு வேலையாக அங்கே போனபோது அது சமையல்கட்டுக்குப் பின்னால் காய்ந்த ஓலைக்கு அடியில் கிடந்தது.

அந்த மீன் இத்தனை வருடம் வளர்ந்து ஒரு வருடம்கூடச் சுவரில் நிற்கவில்லை.

பாடம் செய்தவர் வேலை தெரியாதவர் என்று நீங்கள் சொல்லக்கூடும். இல்லை, அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மிருகத்தைப் பாடம் செய்வதும் மீனைப் பாடம் செய்வதும் ஒன்றல்ல. புலிக்கும் மானுக்கும் ரோமம் இருக்கிறது, நிறம் ரோமத்தில் நிற்கும். மீனுக்கு அது இல்லை. தூண்டிலில் ஏறும்போது மின்னுகிற நிறம் செத்த சில நிமிடத்திலேயே மங்கத் தொடங்கும், இது கரையில் நிற்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தோலை உரித்து, சதையைச் சுரண்டி, மருந்து போட்டு, ஃபோம் உருவத்தின் மேல் இழுத்துத் தைத்துக் காயவைத்தால் மிஞ்சுவது பழுப்பு நிறத் தோல். அதன் மேல் தலை முதல் வால் வரை பெயின்ட் அடித்தாக வேண்டும். நெய்மீன், சூரை மாதிரி எண்ணெய் மீன் என்றால் இன்னும் மோசம், எண்ணெய் வருடக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். தலை காய்ந்து சுருங்குவதால் பல இடங்களில் அசல் தலையை எடுத்துவிட்டு வார்த்த தலையை வைக்கிறார்கள். ஆக நீங்கள் அசல் என்று சொல்லி மாட்டுவதில் கண்ணாடியும் ஃபோமும் பெயின்டும்தான் பெரும்பங்கு.

இதில் நம் ஊர்க் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரியில் 133 அடி வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1ஆம் தேதி திறக்கப்பட்டது. அது கருங்கல். அந்தக் கருங்கல்லுக்கே சில வருடத்துக்கு ஒருமுறை சாரம் கட்டி, காகிதக் கூழ் பூசி உப்பை உறிஞ்சி எடுத்து, கழுவி, ரசாயனம் பூச வேண்டியிருக்கிறது. கல்லையே தின்கிற உப்புக்காற்று அடிக்கும் இடத்தில், கடலைப் பார்த்து ஜன்னல் திறந்த வரவேற்பறையில், ஒரு மீன் தோல் நிரந்தரமாக நிற்கும் என்று நோட்டீஸில் அச்சடித்திருக்கிறீர்கள்.

இப்போது ஏன் பெரிய மீன் மேல் எனக்கு இவ்வளவு அக்கறை என்று சொல்கிறேன். நாங்கள் மீன் கொல்லாதவர்கள் இல்லை. என் வீட்டில் தினமும் மீன் வேகிறது. நான் சொல்வது ஜீவகாருண்யம் இல்லை, முட்டைக் கணக்கு.

பெரிய தாய் மீனும் சின்னத் தாய் மீனும் எடைக்கு எடை ஒரே அளவு முட்டை போடும் என்று நினைக்கிறோம், அது தவறு. 2018இல் சயன்ஸ் இதழில் 300க்கும் மேற்பட்ட கடல் மீன் வகைகளைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. மீன் பெரிதாகப் பெரிதாக முட்டை அதைவிட வேகமாகக் கூடுகிறது என்று பெரும்பாலான வகைகளில் காட்டினார்கள். அட்லாண்டிக் கடலின் காட் மீனை எடுத்துக்கொண்டால், 30 கிலோ தாய் ஒன்று போடுகிற முட்டை, 2 கிலோ தாய் 28 சேர்ந்து போடுவதை விட அதிகம். அந்த 28 மீனின் மொத்த எடை 56 கிலோ. அதாவது பெரிய மீன் ஒன்றை எடுப்பது, அதைப் போல இரண்டு மடங்கு எடைக்குச் சின்ன மீனை எடுப்பதற்குச் சமமாகிறது. களவாவில் இன்னொரு விஷயம் உண்டு. களவா இனங்களில் பெரும்பாலானவை முதலில் பெண்ணாக இருந்து முட்டை போடும், வளர்ந்த பிறகு சில ஆணாக மாறும். அதனால் ஒரு பாருவில் இருக்கும் மிகப் பெரிய களவா பெரும்பாலும் ஆண், அப்படிப்பட்டவை எண்ணிக்கையில் கொஞ்சம்தான். அப்பா அதைக் கெழவன் என்றது சும்மா வாய்க்கு வந்த வார்த்தை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். மணக்குடி காயலில் கிடைக்கும் கொடுவா இதற்கு நேர்மாறு, முதலில் ஆண், பெரிதான பிறகு பெண். அங்கே பெரிய கொடுவாவை எடுத்தால் தாயை எடுக்கிறீர்கள்.

வலையில் பெரிதும் சிறிதும் கலந்து விழும், அதை யாரும் தேர்ந்தெடுத்துப் போடுவதில்லை. உங்கள் போட்டியோ மிகப் பெரியதைத் தேடிப் பிடிக்கச் சொல்கிறது. எந்த மீன் கடலில் இருந்தால் பாருவுக்கு லாபமோ அதே மீனுக்குத்தான் நீங்கள் விலை வைக்கிறீர்கள்.

முட்டைக் காலத்தை மதிப்பதற்காக எங்கள் மாவட்டம் என்ன செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். கிழக்குக் கடற்கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், சின்னமுட்டம் படகுகள் நிற்கும். மேற்குக் கடற்கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் விசைப்படகுகள் நிற்கும். ஒரே மாவட்டத்தில் இரண்டு தடைக்காலம் பார்க்கும் ஊர் இது. 61 நாள் வருமானம் இல்லாமல், நிவாரணத்துக்குக் காத்துக்கொண்டு, மீன் பெருகட்டும் என்று உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் உங்கள் நோட்டீஸைப் படிக்கின்றன. அவர்களுக்கு என்ன தோன்றும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

போன மாதம் உங்கள் குழுவில் ஒருவரிடம் இதைப் பேசினேன், மரியாதையாகத்தான் பதில் சொன்னார். அவர் சொன்ன காரணங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இழுவைமடி படகுகள் குஞ்சு மீனை டன் கணக்கில் அள்ளுகின்றன, வருடத்துக்கு ஒரு மீனுக்கு ஏன் இவ்வளவு சத்தம் என்றார். குஞ்சு மீன் விஷயத்தில் அவர் சொல்வது உண்மை, அதற்காக நாங்கள் பல வருடமாகக் குரல் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் பரிசுக்கு 20 கிலோ என்று வைத்த பிறகு, ஜெயிக்கப் போவது ஒன்றுதான் என்றாலும் 20 கிலோவைத் தாண்டிய அத்தனையும் தராசுக்காகக் கொல்லப்படும். போன முறை தராசில் ஏறியவை எத்தனை என்று உங்கள் பதிவேட்டிலேயே இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, உங்கள் முன்னோரே சுறாக்கொம்பைக் கொண்டுவந்து வைத்தவர்கள்தானே என்றார். ஆமாம். சங்க காலத்திலேயே பரதவர் சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வமாகக் கும்பிட்டார்கள். எங்கள் பாட்டா வீட்டிலும் ஒரு வேளாக் கொம்பு, அதாவது ரம்பம் போன்ற மூக்குள்ள வேளா மீனின் கொம்பு, இருந்தது, கதவுக்கு மேலே, அதைத் தொட எங்களுக்கு அனுமதி இல்லை. அந்த மீனை ஊரே பங்கு வைத்துத் தின்றது, தின்ன முடியாமல் மிஞ்சிய கொம்பை வைத்துக் கும்பிட்டார்கள். கொம்புக்காக யாரும் வேளாவைத் தேடிப் போகவில்லை. இன்றைக்கு என் வயதில் உள்ள எத்தனையோ பேர் உயிரோடு ஒரு வேளாவைப் பார்த்ததே இல்லை. 2001இல் வேளா, திமிங்கலச் சுறா, பெருங்களவா எல்லாவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அட்டவணை மீனைக் கொன்றாலும் குற்றம், பாடம் செய்து வைத்திருந்தாலும் குற்றம். உங்கள் நோட்டீஸில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. வெளியூரிலிருந்து தூண்டிலோடு வருகிறவருக்குச் சாதாரணக் களவா எது, பெருங்களவா எது என்று யார் சொல்லிக் கொடுக்கப் போகிறார்கள்?

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியம், என் தொழில் சம்பந்தப்பட்டது. "ஃபைபரில் செய்தால் அது போலி, அசல் மாதிரி வராது, விருந்தாளிகள் ஏற்க மாட்டார்கள்" என்றார்.

எங்கள் கோயிலில் புனிதரின் சொரூபம் ஃபைபரில் செய்தது. பழைய மரச் சொரூபம் செல்லரித்த பிறகு செய்தோம், அச்சு எடுத்தவர்களில் நானும் ஒருவன். திருவிழாவில் சப்பரத்தில் ஏற்றிக் கொண்டுபோகும்போது ஊரே மண்டியிடுகிறது. கடலுக்குப் போகிறவர்கள் அதன் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போகிறார்கள். ஒக்கிப் புயலில் போனவர்களுக்காக 2017 டிசம்பர் முழுக்க எங்கள் பெண்கள் அதன் காலடியில்தான் அழுதார்கள். இது போலி என்று அங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். பெரிய மீன் தூண்டில் விளையாட்டுக்குப் பெயர் போன அமெரிக்காவின் ஃப்ளோரிடா பக்கம் சுவரில் தொங்குகிற மயில் மீன், கொப்பரன் எல்லாம் இன்றைக்குப் பெரும்பாலும் ஃபைபர்தான். மீனைப் படகுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, நீளமும் சுற்றளவும் அளந்து, போட்டோ எடுத்து, விட்டுவிடுகிறார்கள். அந்த அளவுக்கு ஏற்ற அச்சு பட்டறையில் ஏற்கெனவே இருக்கும், அதில் வார்த்து, போட்டோவைப் பார்த்து அந்த மீனுக்கே உரிய நிறமும் புள்ளியும் தீட்டுகிறார்கள். கடல் மீனின் தோல் நிற்காது என்பதைப் பாடம் செய்கிறவர்களே அனுபவத்தில் கண்டுதான் இதற்கு மாறினார்கள்.

நம்மால் முடியுமா என்று பார்க்க நானே செய்தேன். ஏலத்தில் 9 கிலோ பாரை ஒன்று எடுத்தேன், வலையில் விழுந்து ஏற்கெனவே செத்த மீன். வழவழப்பைக் கழுவி, செட்டைகளை அட்டை வைத்து விரித்து நிறுத்தி, மணலில் பாதி புதைத்து ஒரு பக்கம் அச்சு, பிறகு திருப்பி மறு பக்கம். செட்டைக்குத் தனி அச்சு, ஏனென்றால் அது மெல்லியது, ஒளி ஊடுருவ வேண்டும், அதற்கு மேட் போடாமல் வெறும் ரெசினில் வார்த்தேன். முதல் அச்சு வீண், மெழுகு சரியாகப் பூசாததால் செதில் எல்லாம் பிய்ந்து அச்சோடு வந்துவிட்டது. ஏலத்தில் இன்னொரு பாரை எடுத்தேன். இரண்டாவது அச்சில் ஒவ்வொரு செதிலும் விழுந்தது, வாயோரத்தில் தூண்டில் கிழித்த பழைய தழும்புகூட விழுந்தது. பெயின்ட் அடித்தது எங்கள் வள்ளங்களுக்குப் பெயரும் படமும் எழுதுகிற அண்ணன். உயிரோடு இருக்கும் பாரையின் நிறம் எது என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல அவர் நாலு நாள் தீட்டினார். "அடிவயித்துல வெள்ளி போதாது, முதுகுல கொஞ்சம் பச்சை ஏத்து" என்று அப்பா விடவே இல்லை. அந்த ஒரே அச்சில் இதுவரை மூன்று மீன் வார்த்துவிட்டேன். ஒன்று என் பட்டறை வாசலில் வெயிலிலும் மழையிலும் ஒன்றரை வருடமாகத் தொங்குகிறது, நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. வந்து தட்டிப் பாருங்கள்.

அச்சுக்கும் ஒரு மீன் வேண்டும், அதை மறைக்கவில்லை. ஆனால் அது சாப்பாட்டுக்காக ஏற்கெனவே கரைக்கு வந்த மீன், ஒன்றிலிருந்து எத்தனையோ வார்க்கலாம். ஃபைபர் மக்காத பொருள், அதன் தூசி நெஞ்சுக்கு ஆகாது, என் இருமலைக் கேட்டால் தெரியும். அதனால் வரவேற்பறை முழுக்க ஃபைபர் மீனாக அடுக்குங்கள் என்று சொல்லவில்லை. ஒன்றிரண்டு போதும். மரத்தில் செதுக்கினாலும் சரி, மரவேலை தெரிந்தவர்களுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை.

அளந்து விட்டால் எடை எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தூண்டில்காரர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஒரு கணக்கு இருக்கிறது. நீளத்தையும் சுற்றளவையும் அங்குலத்தில் எடுத்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 800ஆல் வகுத்தால் பவுண்டில் எடை வரும். 40 அங்குல நீளம், 30 அங்குலச் சுற்றளவு என்றால் 45 பவுண்டு, அதாவது 20 கிலோ சொச்சம். முன்பின் கொஞ்சம் மாறும். போட்டிக்கு நீளம் மட்டுமே வைத்தாலும் போதும், சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கமே உயிரோடு விட்ட மீனுக்கு நீளத்தை வைத்துச் சாதனை பதிகிறது.

இப்படி அளந்து எழுதி வைப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. 1946இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு எடையுள்ள மஹ்சீர் என்ற ஆற்று மீன் ஒன்றைத் தூண்டிலில் பிடித்தவர் வான் இங்கன். மைசூரில் புலியையும் சிறுத்தையையும் பாடம் செய்து கொடுத்துப் பேர் வாங்கிய குடும்பத்துக்காரர். காவிரிக்கே உரிய அந்தத் திமில் மஹ்சீர் 2018இல் மிக அருகிவிட்ட இனமாக சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐயூசிஎன்) சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. அணை, வெடி, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட வேறு மஹ்சீர் இனம் என்று அதற்குப் பல காரணம் உண்டு, தூண்டில்காரர் மேல் அந்தப் பழியை நான் போடவில்லை. சொல்லப்போனால், காவிரிக்கரை முகாம்களில் பிடித்து அளந்து விட்டவர்கள் வருடக்கணக்காக எழுதி வைத்த நோட்டிலிருந்துதான் அந்த மீன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதே ஆய்வாளர்களுக்குத் தெரியவந்தது. நம் பாருக்களில் என்ன இருக்கிறது, எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று அப்படி ஒரு நோட்டு யாரிடமும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. உங்கள் போட்டி அதைத் தொடங்கலாம்.

ஆழத்து மீனைச் சும்மா மேலே கொண்டுவந்து தூக்கிப்போட்டால் அது பிழைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். காற்றுப்பை ஊதி வயிறு வெளியே தள்ளிய களவா கீழே போக முடியாமல் மிதக்கும், பருந்தும் சுறாவும் பார்த்துக்கொள்ளும். கனம் கட்டி, தாடையைப் பிடித்து ஆழத்துக்கு இறக்கி விடுகிற முறை இருக்கிறது, வந்த ஆழத்துக்கு இறங்கினால் பை தானாகச் சுருங்கும். அது தெரியாமல் விடுவது கொல்வதற்குச் சமம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். நோட்டீஸின் அந்த வரியை எடுத்துவிடுங்கள், இந்த வருடமும் இனி வரும் வருடங்களிலும் காட்சிக்காக எந்த மீனையும் பாடம் செய்ய மாட்டோம் என்று அதே ஏலக்கூடத்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். தராசை எடுத்துவிட்டு அளவு நாடாவை வையுங்கள், ஒவ்வொரு படகிலும் எங்கள் ஊர்த் தூண்டில்காரர் ஒருவரைக் கூலி கொடுத்து அளவு பார்க்க ஏற்றுங்கள், எது விடவேண்டிய மீன் என்பது அவருக்குத் தெரியும். ஆழமான பாருக்களைப் போட்டியிலிருந்து விலக்குங்கள், மற்ற இடத்திலும் கனம் கட்டி இறக்கும் கருவி இல்லாத படகை அனுமதிக்காதீர்கள். சட்டம் தடுத்த மீன்களின் படங்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்துப் பதிவு செய்கிற இடத்திலேயே கொடுங்கள், அதற்கு மீன்வளத் துறையையும் வனத் துறையையும் முன்கூட்டியே கலந்து பேசுங்கள். அளந்த அளவுகளையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதி, போட்டி முடிந்ததும் ஊர்க் கமிட்டிக்கு ஒரு பிரதி கொடுங்கள்.

வெற்றி பெற்றவருக்குச் சுவரில் மீன் வேண்டும் என்றால் அவர் எடுத்த போட்டோவையும் நாடாவின் அளவையும் என் பட்டறைக்கு அனுப்புங்கள். முதல் மீனுக்குக் கூலி வேண்டாம், ரெசின், மேட், பெயின்ட் செலவை மட்டும் கொடுங்கள். பெயின்ட் அடிக்கிற அண்ணனுக்கு மட்டும் அவர் கேட்கும் கூலியைக் கொடுத்துவிடுங்கள், அவருக்குப் பிள்ளைகள் படிக்கிறார்கள். 30 நாள் ஆகும்.

பதிவு தொடங்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் ஏலக்கூடத்தில் எங்கள் எல்லோர் முன்னிலையிலும் உட்கார்ந்து பேச ஒரு நாள் சொல்லுங்கள். காலை ஏலம் முடிந்து பத்து மணிக்கு மேல் எந்த நாள் என்றாலும் சரி, அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
குளச்சலுக்குக் கிழக்கே படகு கட்டும் ஒரு ஃபைபர் தொழிலாளி